பெரியப்பாவைப் பிடித்த மெஷின்

கண் பரிசோதனைக்கு அந்தக் காலத்தில் ஒரு சுவர் போதும். சுவரில் எழுத்து அட்டை, எதிரே நாற்காலி, மூக்கில் உட்கார்ந்து அழுத்தும் ஓர் இரும்புச் சட்டம், அதில் வில்லைகளை மாற்றி மாற்றிச் செருக ஒரு மனிதர். "இப்பத் தெரியுதா?" "தெரியுது." "இப்ப?" "முன்னதே தேவலை." அவ்வளவுதான், பவர் எழுதிய சீட்டு கைக்கு வந்துவிடும். ஹாலந்தில் உட்ரெக்ட் நகரத்து மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-ல் போட்டுக் கொடுத்த அட்டை அது. முதல் வரி கல்யாண போஸ்டர் எழுத்து. கீழே போகப் போக இன்சூரன்ஸ் பத்திரத்தின் நிபந்தனை எழுத்து. ஆறு மீட்டர் தள்ளி உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது விதி. நம் ஊர்க் கண்ணாடிக் கடைகளுக்கு மொத்த நீளமே அவ்வளவு கிடையாது. அதனால் அட்டையை நம் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிரே ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, மூன்று மீட்டரை ஆறாக்கினார்கள். விஞ்ஞானத்தையும் வாடகையையும் ஒருசேரச் சமாளித்த ஏற்பாடு.

அந்தப் பரிசோதனையில் நோயாளி சொல்வதுதான் சாட்சி. அவர் பெருமைக்காகக் கடைசி வரியை உத்தேசமாகப் படித்துவிட்டால், அதற்கு ஏற்ற தப்பான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆயுசுக்கும் வாசற்படியில் தடுக்கி விழ வேண்டியதுதான். இப்போது இந்தச் சாட்சியை யாரும் லேசில் நம்புவதில்லை. மெஷின் கண்ணையே நேரடியாகக் கூப்பிட்டு விசாரிக்கிறது. எங்கள் பெரியப்பாவுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை.

பெரியப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கணக்கு வாத்தியார் வேறு. பரீட்சை ஹாலில் பையன்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஜன்னலை ரசிப்பதுபோல் பாவனை செய்து, சட்டென்று திரும்பிப் பிட்டைப் பிடிப்பதில் மாவட்ட அளவில் பெயர் வாங்கியவர். அவரிடம் பிடிபட்டவர்களில் ஒருவர் பின்னாளில் கவுன்சிலராகி அவருக்கே பொன்னாடை போர்த்தியிருக்கிறார். கண்ணாடியின் பவர் பல வருஷமாக மாறவே இல்லை என்பதில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம். "எனக்கு எதுக்குடா செக்கப்பு? ராசிபலன்ல கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன்" என்றவரை, பெரியம்மாவின் வற்புறுத்தலின் பேரில் நான்தான் அழைத்துப் போனேன்.

முதல் மெஷினில் தாடையை வைத்து உள்ளே பார்க்கச் சொன்னார்கள். நேர்க்கோடாக ஒரு சாலை, அதன் கோடியில் ஒரு வண்ண பலூன். போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது வேடிக்கைக்கு வைத்த படம் இல்லை. தொலைவில் இருப்பதைப் பார்க்கிறோம் என்று கண்ணை நம்பவைத்து, உள்ளிருக்கும் லென்ஸைத் தளரவிடுகிற தந்திரம். பலூன் மங்கித் தெளிவதற்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பி, விழித்திரையில் பட்டுத் திரும்பி வருவதை அளந்து, ப்ளஸ், மைனஸ், சிலிண்டர், ஆக்சிஸ் எல்லாவற்றையும் பஸ் டிக்கெட் அகலத்துக்கு ஒரு சீட்டில் அச்சடித்துவிடுகிறது. பெரியப்பா வெளியே வந்து, "ஏம்மா, அது எந்த ஊரு ரோடு? ஒரு குழிகூட இல்லையே?" என்று கேட்டார். மெஷினை இயக்கிய பெண்ணிடம் அதற்குப் பதில் இல்லை.

அடுத்தது ஊதுகிற மெஷின். கண்ணில் தூசி விழுந்தால் பெரியம்மா இமையை விரித்து 'ஃபூ' என்று ஊதியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்ப்பது. காற்றை ஊதி, கருவிழி எந்த அளவு தட்டையாகிறது என்பதைக் கணக்கிடுகிறது. 1905-ல் வந்த ஷியோட்ஸ் கருவியில் ஆளைப் படுக்க வைத்து, மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண் மேலேயே எடையை நிறுத்தி அளந்தார்கள். தொடாமல் அளக்கும் காற்று முறை 1970-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. வலியே இல்லை, ஆனாலும் துள்ளாதவர் இல்லை. வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் முன்னால் போனவர் துள்ளுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் முறை வந்ததும் அதே உயரத்துக்குத் துள்ளினார்கள். பெரியப்பா துள்ளவில்லை. "யாரது?" என்று அதட்டினார்.

அளவு இருபத்தொன்றைத் தாண்டியிருந்தது. "நல்ல மார்க்கா?" என்றார் பெரியப்பா. "இதுல கம்மியா வாங்கினாத்தான் நல்லது ஐயா" என்றாள் அந்தப் பெண். டாக்டர் நீல விளக்கு வைத்த கருவியில் இன்னொரு தடவை அளந்துவிட்டு, பார்வைப் பரப்பைச் சோதிக்க எழுதிக் கொடுத்தார். வழக்கு சூடுபிடித்தது அங்கேதான்.

அரை இருட்டு அறை. ஒரு கண்ணை மூடிக் கட்டி, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். "நடுவுல இருக்கிற லைட்டை மட்டும் பாருங்க ஐயா. சுத்தி எங்கயாவது பொட்டு மாதிரி வெளிச்சம் வந்துச்சுன்னா பட்டனை அமுக்குங்க. தெரியலைன்னா விட்டுருங்க." பெரியப்பா ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "நெகடிவ் மார்க் உண்டா?" அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாது.

ஒரு கண் முடிந்து தாள் வந்தது. பெண் அதைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள்.

"ஐயா, லைட் வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க."

"யார் சொன்னது?"

"மெஷின் சொல்லுது."

"பக்கத்துல யாருமே இல்லையேம்மா, அதுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வியிலேயே குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. நடந்தது இதுதான். வெளிச்சம் ஏறக்குறைய ஒரு தாளத்தில் வருகிறது என்பதைக் கணக்கு வாத்தியார் மூளை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டது. அப்புறம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தாளத்துக்கு அமுக்கிக்கொண்டே போயிருக்கிறார். முழு மார்க் வாங்கியாக வேண்டுமே!

மெஷின் அவருக்கும் வாத்தியார். நடுநடுவே வெளிச்சமே காட்டாமல் சும்மா இருந்துவிட்டு, ஆள் அமுக்குகிறாரா என்று பார்க்கிறது. அமுக்கினால் ஒரு பொய் என்று குறித்துக்கொள்கிறது. இன்னொரு பொறியும் உண்டு. பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் இயற்கையாகவே ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. மெஷின் வேண்டுமென்றே அந்த இடத்தில் வெளிச்சம் காட்டும். நடுவிளக்கை ஒழுங்காகப் பார்ப்பவருக்கு அது தெரியக் கூடாது. தெரிந்தது என்று அமுக்கினால் கண் வேறெங்கோ மேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரியப்பா இரண்டிலும் மாட்டியிருந்தார். முதுகைக் காட்டி நின்று திரும்புகிற அவருடைய அதே உத்தி!

ஒரு டீ குடிக்க வைத்துத் திரும்ப உட்கார வைத்தார்கள். இந்தத் தடவை நேர்மையாக எழுதினார். இடது கண் தாளில் மேல்பக்க மூக்கோரத்தில் கருப்பாக ஒரு திட்டு. கிளாக்கோமா, ஆரம்ப நிலை. பார்வை நரம்பை அரித்து, பார்வையை ஓரத்திலிருந்து மெதுவாகத் தின்றுகொண்டு வருகிற நோய். இவருக்கு வந்த வகையில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற மட்டும் சொட்டு மருந்து உண்டு. நடுப்பார்வை பெரும்பாலும் கடைசிக் கட்டம்வரை ஒழுங்காக இருக்கும் என்பதால்தான் ராசிபலனின் கடைசி வரி அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஸ்னெல்லன் அட்டையைக் காட்டியிருந்தால் இன்றைக்கும் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார்.

நரம்பு இழைகளின் தடிமனை அளக்க ஓசிடி என்றும் ஒரு படம் எடுத்தார்கள். அமெரிக்காவில் எம்ஐடியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 1991-ல் வெளியிட்ட உத்தி. வெறும் ஒளியை வைத்தே விழித்திரையை அடுக்கு அடுக்காக, வெட்டாமல் வெட்டிக் காட்டுகிறது. கத்தியும் கிடையாது, தொடுவதும் கிடையாது. அறிக்கை பச்சை, மஞ்சள், சிவப்பில் வரும். பெரியப்பா சிவப்பைப் பார்த்தார். அதற்கப்புறம் செக்கப்பு எதற்கு என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை.

வந்தது வந்தேன், எனக்குச் சர்க்கரை இருப்பதால் நானும் விழித்திரையைப் படம் எடுத்துக்கொண்டேன். ஆரஞ்சு நிற வட்டத்தில் சிவப்பு ரத்தக் குழாய்கள் கிளை விரித்த படம். இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துச் சர்க்கரையால் வந்த பாதிப்பு இருக்கிறதா என்று சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்கியிருக்கிறார்கள். கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பயன்பட்ட படங்கள் 1,28,175. அமெரிக்கப் படங்களோடு அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா படங்களும் அதில் சேர்த்தி. ஆக, உலகத்துக்கே பாடம் நடத்தும் அந்தக் கம்ப்யூட்டருக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்ததில் நம் ஊர்ச் சர்க்கரைக்கும் பங்குண்டு. சோற்றையும் சுவீட்டையும் நாம் சும்மா சாப்பிடவில்லை. ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 டாக்டர்கள்வரை தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். ஒரே படத்துக்கு எல்லா டாக்டரும் ஒரே பதில் சொல்ல மாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

அதே கூகுள் ஆட்கள் 2018-ல் இன்னொன்று செய்தார்கள். விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து ஆளின் வயதைச் சராசரியாக மூன்று சொச்சம் வருஷ வித்தியாசத்துக்குள் சொன்னது கம்ப்யூட்டர். ஆணா பெண்ணா என்பதை அநேகமாகத் தப்பாமல் சொன்னது. விழித்திரையைப் பார்த்து ஆண், பெண் பிரிக்க எந்தக் கண் டாக்டருக்கும் தெரியாது. அவர்களுக்கு அந்தத் தேவையும் வந்ததில்லை. ஆள்தான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாரே! புகைபிடிப்பவரா என்பதையும் ஓரளவுக்குச் சொன்னதாம். இதை நான் பெரியப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர் மனைவி அந்தண்டை போயிருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, "அப்ப ஏலக்காய் மெல்றதெல்லாம் வேஸ்ட்டா சார்?" என்று கேட்டார்.

அதற்காகக் கம்ப்யூட்டரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சர்க்கரைப் பாதிப்பைச் சொல்லும் கம்ப்யூட்டரைத் தாய்லாந்தில் சுகாதார நிலையங்களில் வைத்துப் பார்த்தார்கள். அறையில் இருட்டு போதவில்லை என்றால் படம் மங்கும், மங்கினால் மெஷின் 'பார்க்க மாட்டேன்' என்று திருப்பிவிடும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு படம் இப்படித் திரும்பியது. இன்டர்நெட் வேறு படுத்தியது. உலகப் பேரறிவுக்கும் ஒரு ஜன்னல் திரைத்துணி தேவைப்படுகிறது.

கண்ணாடிக் கடையிலும் காலம் மாறிவிட்டது. செல்போனிலேயே முகத்தைக் காட்டினால் ஃப்ரேமை மாட்டிக் காட்டும் ஆப் வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் சின்ன வயசுக்காரராகத்தான் இருக்க வேண்டும். பெரியப்பாவுக்குப் பழைய கண்ணாடியைக் கழற்றினால் போன் தெரியவில்லை. போட்டுக்கொண்டு பார்த்தால் கண்ணாடி மேல் கண்ணாடி. கடைசியில் பெரியம்மாதான் பார்த்து, "இது வேணாம், பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கு" என்று தள்ளினார்.

கடைக்குப் போவதற்கு முன், ஆஸ்பத்திரியில் இத்தனை மெஷினும் முடிந்து கடைசியில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதே பெண் வில்லையைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள்: "ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?" பலூன் மெஷின் தருவது தொடக்கப் புள்ளிதான். அதை அப்படியே கண்ணாடியில் போட்டால் சிலருக்குத் தரை சாய்ந்து தெரியும். எந்த எண் இந்த ஆளுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை அந்த ஆளைக் கேட்டுத்தான் முடிவு செய்ய முடிகிறது. என்னைக் கேட்டால் நம்மைக் கேள்வி கேட்கிற இந்தப் பெண்தான் அந்த ஆஸ்பத்திரியின் மிக நுட்பமான கருவி. ஒன்றும் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது என்று தயங்கிச் சொன்னேன். "அப்படிச் சொல்றதும் பதில்தான் சார்" என்று எழுதிக்கொண்டாள். பெரியப்பா தன் முறை வந்தபோது, "இன்னொரு தடவை காட்டும்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அவரிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையை எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை.

இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு அவருக்குச் சொட்டு மருந்து. மறந்தால் பெரியம்மா ஹாஜர் எடுப்பார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இது. கண்ணாடி பவர் மாறவில்லை என்பது கண் நன்றாக இருப்பதற்குச் சான்றிதழ் இல்லை. நாற்பது தாண்டியவர்கள், குறிப்பாக வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால், அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை பளிச்சென்று இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் படம் எடுத்துவிடுங்கள். கண் பாப்பா விரிய மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வண்டி ஓட்டக் கூடாது. ஆகவே துணைக்கு ஓர் ஆளோடு போங்கள். படிக்கத் தெரிந்த ஆளாக இருந்தால் உத்தமம். பில்லை அவர்தான் வாசிக்க வேண்டியிருக்கும்.