"ஓட ஓடச் சரியாயிடும் சார்": ஓர் ஆராய்ச்சி

ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பிய கார், ரோட்டில் ஒழுங்காக ஓடிவிட்டு, சிக்னலில் நின்றதும் குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறுவது ஏன் என்ற வினாவுக்கு நம் மெக்கானிக்குகள் ஒருமித்து அருளும் விடை: "ஓட ஓடச் சரியாயிடும் சார்." 'செட்டாயிடும்' என்றும் பாடம் உண்டு. பொருளில் பேதமில்லை.

இதை வெறும் மழுப்பல் என்று தள்ளுவோர் அவசரக்காரர்கள். வாக்கியம் மெய்யாகும் இடம் ஒன்று இருக்கிறது. த்ராட்டில் பாடியில் அழுக்கு படியப் படிய, காற்று குறைவதை எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசிஎம் கவனித்து, ஐடிலிங்கின்போது வழியைச் சற்றுக் கூடுதலாகத் திறக்கப் பழகியிருக்கும். கிளீன் பண்ணிய பிறகும் பழைய கணக்கிலேயே திறக்கும். ஆர்பிஎம் முள் ஏறி இறங்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால், பல கார்களில், கற்ற பாடமே அழிந்துபோகும். இரண்டிலும் வண்டி ஓட ஓடத் தானே மறுபடி கற்றுக்கொள்ளும். (ஸ்கேனர் மாட்டிச் சொல்லிக்கொடுத்தால்தான் கற்கும் முரட்டு மாணவர்களும் உண்டு.)

ஏனைய இடங்களில் உரையாசிரியர்கள் மூன்று கட்சி. பிளக் கட்சியார் பிளக்கை மாற்றுவர். பங்க் கட்சியார் பெட்ரோலைப் பழிப்பர். சென்சார் கட்சியாரின் கொள்கை மூன்றிலும் விலை அதிகமானது என்பதால் மிகுந்த மரியாதைக்குரியது. மூவரும் மறப்பது, ரிப்பேருக்கு முன் இந்த உதறல் இல்லை என்பதை. ஆகவே தேட வேண்டியது கடைசியாகக் கை பட்ட இடத்தில்.

அங்கே பெரும்பாலும் ஒரு ஹோஸ் கழன்றிருக்கும், அல்லது கிளாம்ப் இறுகாமல் இருக்கும். ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தம் வெளியில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. எஞ்சின் கிடைத்த சந்தில் எல்லாம் உறிஞ்சும். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் இந்தத் திருட்டுக் காற்று கணக்கில் வராது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் கெட்டு மிஸ்ஸிங் வரும். பெட்ரோல் போதவில்லை என்று முறையிடும் பி0171 என்ற ஃபால்ட் கோடும் விழலாம். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டியோ அந்தக் காற்றுக்கும் பெட்ரோல் கொடுத்து, உதறுவதற்குப் பதில் ஆர்பிஎம்மை ஏற்றிக்கொள்ளும். "ரேஸ் பண்ணிப் பாருங்க, ஸ்மூத்தா இருக்கு" என்ற துணை வாக்கியமும் பொய்யன்று. த்ராட்டில் அகலத் திறந்தபின் ஒரு சிறு ஓட்டைக் காற்றை யார் பொருட்படுத்துவார்?

சோதனை எளிது. எஞ்சின் ஓடும்போது, சூடான சைலன்சர் பக்கம் படாமல், ஹோஸ் மூட்டுகளில் கார்ப் கிளீனரைக் கொஞ்சமாக அடிக்க, சத்தம் மாறும் மூட்டே கள்ளன். எங்கும் மாறவில்லையென்றால் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றியும் எஞ்சின் சட்டை செய்யவில்லையோ அந்த சிலிண்டர் ஏற்கெனவே வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அதன் காயில் கனெக்டர் 'டிக்' என்று உட்காராமல் சும்மா தொற்றிக்கொண்டிருக்கும். இத்தகைய கோளாறுகள் ராமேஸ்வரம் வரை ஓட்டினாலும் சரியாவதில்லை.

மறுபடி அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் முதல் வாக்கியம் வழக்கொழிந்து, "இந்த மாடலே இப்படித்தான் சார்" என்ற வாக்கியம் வழங்கிவருவது கவனிக்கத்தக்கது. இவ்விரண்டுக்கும் உள்ள முரணை எந்த உரையும் தீர்க்கவில்லை.