முள்ளும் வேரும்: வாசகர் கேள்வி, நம் பதில்

வருஷா வருஷம் கூலி கொடுத்துச் சீமைக் கருவேலத்தை வெட்டுகிறேன். அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக வந்து நிற்கிறதே?
- முதுகுளத்தூர் வாசகர்

நீங்கள் செய்தது வெட்டு அல்ல ஐயா, கவாத்து! தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. உறங்கும் மொட்டுகள் அங்கேதான். மேலே அரிவாள் பட்டதும் அத்தனையும் விழித்துக்கொண்டு, ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலைந்தாகக் கிளம்பும். தூரைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்கு மண்ணைப் பறித்து, கழுத்துக்குக் கீழே ஆணிவேரைத் துண்டியுங்கள். அதற்கும் கீழே உள்ள வேர் தழைக்காது. எவ்வளவு ஆழம் போனாலும் அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொன்று. விறகுக்கும் கரிக்கும் வெட்ட வருகிறவருக்குத் தூர் தழைத்தால்தான் லாபம்; சில வருஷத்தில் மறுபடி வெட்டலாம். அதனால் விலை பேசும்போதே தூர் பறிப்பதையும் சேர்த்துப் பேசுங்கள். பணம் குறைவாகத்தான் வரும். ஆனால் நிலம் உங்கள் கைக்கு வரும்.

விரல் பருமன் கன்றுகளுக்கும் இத்தனை பாடா?
- பரமக்குடி வாசகி

வேண்டாம் அம்மா. நல்ல மழை பெய்த மறுநாள் தடித்த தோல் கையுறை போட்டு, அடியில் பிடித்து இழுங்கள், வேரோடு வரும். மண் காய்ந்துவிட்டால் தண்டு முறியும், வேர் தங்கும். ஐப்பசியில் கையால் முடிகிற வேலையை மாசிக்குத் தள்ளினால் கடப்பாரை தேட வேண்டும்.

பக்கத்துக் காட்டில் ஒரு மரம்கூட இல்லை. விதை எங்கிருந்து வருகிறது?
- கமுதி வாசகர்

ஆட்டின் வயிற்றிலிருந்து! காய் இனிப்பு, விதையின் ஓடோ கடினம். செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து, ஆண்டுக்கணக்கில் மண்ணில் காத்திருக்கும். காய் தின்ற மந்தையைக் கிடை போட்டிருந்தால், அடுத்த மழைக்குப் பிறகு அந்த இடத்தை அவசியம் சுற்றிப் பாருங்கள். மரத்தைக் காய் பழுக்கும் முன்பே வெட்டிவிடுவது நல்லது.

பிரஷ் கட்டர் வாங்கலாமா?
- சிவகங்கை வாசகர்

வாங்கலாம் தம்பி. புல்லுக்கு நைலான் கயிறு, இளங்கன்றுக்கு ரம்பப் பல் பிளேடு. பெரும்பாலான மெஷின்களில் பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றும். அதன் முன்பக்க வலது ஓரம் தண்டில் பட்டால் மெஷின் பக்கவாட்டில் உதைத்துத் தள்ளும்; இடது பக்கத்தால் அறுங்கள். கண்ணாடி, முகமறைப்பு, பூட்ஸ் இல்லாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். 50 அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் முக்கியமாக. சாய்வாக அறுத்த கூர்க்கட்டை காலைக் கிழிக்கும்; அதையும் அன்றே பறித்துவிடுங்கள்.

கையால் வெட்டுபவர்களுக்கு?
- திருச்சுழி வாசகர்

கவைக்கம்பு! ஒரு கையில் அதை வைத்து முள்கிளையை அழுத்திப் பிடித்து, மறு கையால் அரிவாளைப் போடுங்கள். இருவர் வெட்டினால் பத்தடி இடைவெளி வேண்டும். ரப்பர் செருப்பை இந்த முள் சுலபமாகத் துளைக்கும். முனை முறிந்து உள்ளே தங்கினால் சீழ் வைக்கும், ஊசியால் நோண்டிக்கொண்டிராமல் டாக்டரிடம் போங்கள். டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லையா? வேலைக்கு முன்பே கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

தீ வைத்தால் தீருமா?
- அருப்புக்கோட்டை வாசகர்

தீராது. மேலே கருகும், மண்ணுக்குள் கழுத்து பிழைக்கும்.

புதருக்குள் பாம்பு இருந்தால்?
- சாயல்குடி வாசகி

இருக்கும் என்றே நினைத்து இறங்குங்கள். நீண்ட கம்பால் முதலில் தட்டுங்கள், குவித்த முள்ளுக்கடியில் கை விடாதீர்கள். கடித்துவிட்டால் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கருவேலம் எல்லாமே கெட்டதுதானே?
- மானாமதுரை வாசகர்

இல்லவே இல்லை! சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்து மரம். 1877-இல் இந்தியாவுக்கு விதை வந்தது. நாட்டுக் கருவேலம் நம்முடையது. அதன் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமையின் பூ நீளக் கதிர், காயில் அந்த ஒடுக்கம் இல்லை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களில் நீர்ப்பறவைகள் தங்குவதே கருவேல மரங்களில்தான். ஆகவே சீமையைப் பிடுங்க ஜேசிபி வைத்தால், அது வருவதற்கு முந்தின நாளே நிலத்தைச் சுற்றி வந்து, நாட்டு மரங்களுக்கெல்லாம் சுண்ணாம்புப் பட்டை அடித்துவிடுங்கள். ஓட்டுநரிடமும் காட்டிச் சொல்லுங்கள்.