தாகத்தின் தராதரம்

2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலேறி ஜலம் சென்னைக்கு வரத் தொடங்கியபோது, அடுக்குமாடிகளில் வாசம் செய்யும் கனவான்கள் அடைந்த மனக்கிலேசம் சாமானியமானதன்று.

அவர்கள் செய்த தியாகங்களைச் சொல்லாமல் விடுவது பாவம். தினந்தோறும் குளித்த கார், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்நானம் செய்ய உடன்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து வயற்கிணறுகளை உறிஞ்சி வந்த தனியார் லாரித் தண்ணீர், கீழ்த்தொட்டியில் இறங்கி, மேல்தொட்டிக்கு ஏறி, சமையலறைச் சுவரில் விளக்கெரிய வீற்றிருக்கும் ஆர்.ஓ. யந்திரத்தை அடைந்து, அங்கே ஒரு லிட்டர் அமிர்தமாகவும் சுமார் மூன்று லிட்டர் சாக்கடைக்குரிய சேஷமாகவும் பிரிந்தது. சேஷத்தை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாமே என்று யாரோ யோசனை சொன்னார்களாம். சமையலறையின் சௌந்தர்யத்துக்கு வாளி பொருந்தவில்லையாம். (அந்தச் சமையலறைக்கு ஆன செலவை உத்தேசித்தால் ஆட்சேபம் நியாயமாகவே படுகிறது.)

தெருவிலோ, பிளாஸ்டிக் குடங்கள் விடியுமுன்பே வரிசை பிடித்து, வருமோ வராதோ என்ற குடிநீர் வாரிய லாரிக்காகத் தவம் கிடந்தன. லாரி வந்ததும் எழுந்த கூச்சலை மாடியிலிருந்து செவிமடுத்த கனவான், நம் ஜனங்களுக்குச் சிக்கனமும் ஒழுங்கும் என்றைக்கு வரப்போகின்றன என்று விசனித்து, கண்ணாடிக் கதவைச் சாத்தி, ஏ.ஸி.யை இன்னும் இரண்டு டிகிரி குளிர வைத்துவிட்டு, வேலைக்காரம்மா இன்றைக்கும் தாமதமாக வருவதன் காரணம் என்னவாக இருக்கும் என்று தீர்க்கமாக ஆலோசிக்கலானார்.