கட்டுபடி

காய்க்கடையில் விலையைக் கேட்டதும் எங்கள் அம்மா சொல்கிற முதல் வார்த்தை, "கட்டாதுப்பா." கடைக்காரரும் லேசில் விடமாட்டார். "எனக்கும் கட்டணும்லக்கா. வண்டி வாடகைக்கு எங்கிட்டுப் போறது?" இருவரும் ஒரே சொல்லைத்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள் என்பது சின்ன வயதில் எனக்கு உறைக்கவில்லை. எங்கள் திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985 செப்டம்பரில்தான் தனி மாவட்டமானது. பேரம் முடிந்து, அம்மாவின் மஞ்சப்பையில் கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலை விழும். அது விழுந்துவிட்டால் ரெண்டு பேருக்கும் கட்டிவிட்டது என்று அர்த்தம்.

புத்தகத்தில் 'கட்டுப்படி' என்று எழுதுவார்கள். எங்கள் பக்கத்து வாயில் அது கட்டுபடி; அவசரத்தில் வெறும் 'கட்டும்', 'கட்டாது'. எனக்கு இந்தச் சொல்லின் மேல் தனிப் பிரியம் உண்டு. விலை எல்லாருக்கும் ஒன்று. கட்டுபடி அவரவர் மடியைப் பொறுத்தது. கிலோ இருபது ரூபாய் வாத்தியார் வீட்டுக்குக் கட்டும், கூலிக்குப் போகிற வீட்டுக்குக் கட்டாது. "விலை அதிகம்" என்றால் கடைக்காரருக்குச் சுருக்கென்று இருக்கும். "எனக்குக் கட்டாது" என்றால் அவர் நம் முகத்தை ஒருமுறை பார்ப்பார். சம்பந்தம் பேசும்போது பவுன் கணக்கு ஏறினாலும், டவுனில் வீட்டு வாடகை ஏறினாலும் இதே வார்த்தைதான், யாரையும் நோகடிக்காமல் எழுந்து வர. சல்லிசு, கிராக்கி, அடிமாட்டு விலை என்று எத்தனையோ சொல் இருக்கிறது. எதிரே நிற்கிறவரின் கணக்கையும் கேட்கிற சொல் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அம்மா வாங்குகிற பக்கம் சொன்னதை, அப்பா விற்கிற பக்கம் சொன்னார். அய்யலூர்ப் பக்கம் எங்களுக்குத் தோட்டம், தக்காளி வெள்ளாமை. தக்காளி காத்திருக்காது. பழுத்ததும் பறித்தாக வேண்டும், பறித்த அன்றே மார்க்கெட் போய்ச் சேர வேண்டும். பதினாலு கிலோ பிடிக்கிற பெட்டி. கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போனால் பெட்டிக்கு எழுபது. அந்த எழுபதுக்குள் பறிப்புக் கூலி, பெட்டி வாடகை, வண்டி, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் அடங்க வேண்டும். நாத்தும் உரமும் மருந்தும் முன்னாலேயே மண்ணுக்குள் போன காசு.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் அப்பாவின் கணக்கு நோட்டு. நான் காலேஜில் படித்த வருசம் ஒருநாள், கமிஷன் கடைத் துண்டுச்சீட்டோடு வந்தார். கழித்ததெல்லாம் போக, வண்டிக்காரருக்குக் கொடுக்கவே கையிலிருந்து போட வேண்டியிருந்தது. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கட்டலை" என்றார். கடையில் யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். "யார்கிட்டச் சொல்றது? ஏலம் விட்டவரு அடுத்த பெட்டிக்குப் போயிட்டாரு." மறுநாள் பறிக்க ஆள் கூப்பிடவில்லை. ஆடுகளைத் தோட்டத்துக்குள் விட்டோம். ஒரு வாரம் கிணற்றடி வரைக்கும் புளிச்ச வாடை.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் அரசாங்கமே அறுபது ரூபாய்க்கு விற்றது. "உங்க அப்பாவுக்கு இந்த வருசம் நல்ல காசு" என்று ஆபீசில் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் அப்போது பழமே இல்லை. பல தோட்டங்களில் இல்லாததால்தானே விலை ஏறியது. காய்க்கும்போது எல்லாருக்கும் சேர்ந்து காய்க்கிறது, விலை சரிகிறது. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

உழவர் சந்தை முதலில் மதுரையில் 1999 நவம்பர் 14இல் திறந்தது. பிறகு திண்டுக்கல்லுக்கும் வந்தது. அப்பாவுக்கு அங்கே போவதில் சந்தோஷம். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துத் தராசு பிடிக்கலாம். கட்டுதா, கட்டலையா என்று பேசலாம். ஆனால் அங்கே ஓடுவது ரெண்டு மூணு பெட்டி. மீதி நாற்பது பெட்டி ஏலத்துக்குத்தான் போக வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், அடக்கச் செலவோடு பாதியும் சேர்த்து ஆதரவு விலை கொடுக்கச் சொல்லிப் பல வருசம் ஆகிறது. ஆனால் மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் தக்காளியே கிடையாது. கட்டுபடியான விலை கேட்டு எழுதும் மனுக்களில் மட்டும் எங்கள் சொல் பத்திரமாக இருக்கிறது.

இன்று என் மகள் போனிலேயே காய் வாங்குகிறாள். விலை கூடுதலாக இருந்தால் விரலால் ஒரு தட்டு, பட்டியலிலிருந்து போய்விடும். ஒருத்திக்குக் கட்டவில்லை என்பது அந்தப் பக்கம் யார் காதிலும் விழாது. அவளைக் குறை சொல்லமாட்டேன். வேலை முடிந்து அவள் வீடு திரும்ப ராத்திரி எட்டாகிறது.

போன வாரம் நாகல் நகர்ப் பக்கம் தள்ளுவண்டியில் சின்ன வெங்காயம் பார்த்தேன். விலை கேட்டுவிட்டுப் பழக்கத்தில், "கட்டாதும்மா" என்றேன். அந்த அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்: விதை வெங்காயம் வாங்கிய விலை, நடுவில் பெய்த மழையில் அழுகியது பாதி, தாள் அறுக்க வந்தவர்களுக்குக் கொடுத்த கூலி. வெங்காயச் சருகு அவர் முழங்கை வரைக்கும் ஒட்டியிருந்தது. சொன்ன விலைக்கே ரெண்டு கிலோ வாங்கினேன். நிறுத்த பிறகு ஒரு கை அள்ளி மேலே போட்டார்.

வீட்டில் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்குக் கண் அவ்வளவாகத் தெரிவதில்லை. பைக்குள் கையை விட்டு ஒரு வெங்காயத்தை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். விலையைக் கேட்டார். சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்குக் கட்டுமாய்யா?" என்றார்.