நாலில் மூன்று கற்பனை

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில், பளபளக்கும் தோல் ஜாக்கெட்டோடு வந்து நின்றார் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங். 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கிராஃபிக்ஸ் அட்டை, போன தலைமுறையில் 1,599 டாலருக்கு வந்த 4090-இன் வேகத்தைத் தரும் என்றார். 4090 வாங்கியவர்களுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்குமா!

ஏஐ இல்லாமல் இது நடக்காது என்று அவரே சொல்லிவிட்டார், அந்த மட்டில் நியாயஸ்தர்தான். வீடியோ விளையாட்டுக்காக அட்டை அசலாக வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே மூன்றை ஏஐ ஊகித்துச் செருகிவிடும். ஆகத் திரையில் ஓடும் நாலில் மூன்று, விளையாட்டில் நடக்கவே நடக்காதவை. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று மூலையில் காட்டும் எஃப்பிஎஸ் எண் மட்டும் சூடு வைத்த ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறும். எதிரி சுடுகிறானே என்று நீங்கள் பட்டனைத் தட்டினால், செருகிய மூன்றுக்கும் அது காதில் விழாது. அடுத்த அசல் ஃபிரேம் வரும்வரை பொறுக்க வேண்டும். எதிரிக்கும் பொறுமை இருந்தால் பிழைத்தீர்கள்.

மார்ச்சில் அட்டை கடைக்கு வந்தது. செருகலை அணைத்துவிட்டு அளந்தால், 2024-இல் வந்த 4070 சூப்பருக்குப் பக்கத்தில்தான் நின்றது. 4090-இல் மெமரி 24 ஜிபி, இதில் 12. மீதி 12-ஐயும் ஏஐயே ஊகித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள் போல.

பல கடைகளில் கேட்ட விலையில் மட்டும் கற்பனை கலக்கவில்லை. அது அசலாகவே 549-ஐத் தாண்டியிருந்தது.