கால்வாயில் குடித்தனம்

இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாக்கிக் குடியிருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுடைய வீடு நாரோபோட் என்னும் எஃகுப் படகு. நீளம் 70 அடி வரை போகும். அகலம் 6 அடி 10 அங்குலம்தான். 18ஆம் நூற்றாண்டுப் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி சிக்கனம் கருதி, படகுகளை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளான லாக்குகளை 7 அடி அகலத்தில் கட்டினார். அதன் பலனாக, இன்றும் மனைவி அடுப்படியில் நின்றால் கணவன் ஒருக்களித்துத்தான் கடக்க முடியும்.

வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் நாயோடு நடப்பவர் முந்திக்கொண்டு போவார். கட்டிக் கிடக்கும் படகுகளைக் கடக்கும்போது இன்னும் மெதுவாகப் போகவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே யாருடைய தேநீராவது சிந்தும், சன்னலில் ஒரு தலை முளைத்துத் திட்டும். இந்த வேகத்தில் போகிறவர்களுக்குத் தாமதம் வேறு உண்டா என்றால், தாராளமாக உண்டு.

முதல் காரணம் லாக். மேட்டில் ஏற, இரு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, விண்ட்லாஸ் என்ற கைப்பிடியால் மதகைத் திருகித் திறக்க வேண்டும். தண்ணீர் நிரம்பப் படகு மேலே வரும். பிறகு கதவின் மரக்கையில் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். டிவைசஸ் நகரின் கேன் ஹில்லில் இப்படி 29 லாக்குகள். இரண்டு மைலுக்குள் 237 அடி ஏற்றம். ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அங்கே லாக்குகள் அகலமானவை, இரண்டு நாரோபோட் ஒட்டி நிற்கலாம். ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் கீழே போவதால் ஜோடியாகப் போவதே மரியாதை. ஆகவே முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் காலையில் ஜோடி சேருகின்றன. பொருத்தம் பார்க்க அவகாசம் கிடையாது. பத்தாவது லாக்கில் மூட்டுவலி பேசப்படும், இருபதாவதில் மருமகள். உச்சிக்கு வரும்போது பரம்பரைச் சொத்துத் தகராறு வரை தெரிந்திருக்கும், பெயர் மட்டும் தெரிந்திருக்காது. கால்வாயில் ஆளைப் படகின் பெயரால்தான் அறிவார்கள். கிங்ஃபிஷர் என்ற பெயரில் ஏகப்பட்ட படகுகள் இருப்பதால், எந்தக் கிங்ஃபிஷர்காரருக்கு மூட்டுவலி என்பதில் குழப்பம் உண்டு.

இரண்டாவது காரணம் படகின் பின்புறம், தண்ணீருக்கடியில் சுழலும் விசிறி. கால்வாயில் எறிந்ததெல்லாம் அதில் போய்ச் சுற்றிக்கொள்ளும்: பிளாஸ்டிக் பை, கம்பி, மெத்தை உறை, கோட்டு. மேற்கு லண்டனில் இந்தியர்கள் மிகுந்த சவுத்தால் பக்கம் மிதக்கும் தேங்காய்களையும் காணலாம். விசிறிக்கு நேர் மேலே மூடியிட்ட ஒரு பெட்டி இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, மூடியைக் கழற்றி, குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டு, ரொட்டிக் கத்தியால் கண்ணுக்குத் தெரியாததை அறுக்க வேண்டும். ஜனவரியில் இதைச் செய்பவர் வாயில் வரும் சொற்கள் எந்த அகராதியிலும் இல்லை. சரியாக அந்த நேரம் பார்த்து கரையில் ஒருவர் வந்து நிற்பார். ரொட்டிக் கத்தி உதவாது, ரம்பம்தான் சரி என்பார். தன்னுடைய ரம்பத்தையும் கொண்டுவருவார். கால்வாய் நட்புகளில் பாதி இப்படித் தொடங்குபவை. மூடியைத் திரும்ப இறுக்கமாகப் போடாமல் எஞ்சினை முடுக்கினால் தண்ணீர் உள்ளே பீறிட்டுப் படகே மூழ்கும் என்பதை நினைவூட்டவும் அந்த நண்பர் தேவைப்படுகிறார்.

மூன்றாவது, தண்ணீரே இல்லாமல் போவது. 2025 கோடை வறட்சியில் 127 மைல் நீளமுள்ள லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் பெரும்பகுதி மூடப்பட்டது. இப்படி நகர முடியாமல் நிற்பவர்கள் விஷயத்தில் சட்டம் சுவாரசியமானது. நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது என்கிறது 1995ஆம் ஆண்டுச் சட்டம். சூழ்நிலையைப் பொறுத்து நியாயமான கூடுதல் காலம் உண்டு என்றும் சேர்த்துச் சொல்கிறது. வறட்சியும் உடைந்த கதவும் நியாயமான சூழ்நிலைகள். பக்கத்துப் படகில் நல்ல சமையல் என்பது இன்னும் அந்தப் பட்டியலில் சேரவில்லை.

கால்வாய் வரலாற்றின் பெரிய தாமதம் எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட்டுடையது. 1939இல் கிரெஸ்ஸி என்ற மரப் படகில் மனைவியோடு சுற்றக் கிளம்பியவருக்குப் போர் குறுக்கிட்டது. 1941 முதல் 1946 வரை டார்டெபிக் என்ற ஊரில் கட்டிக் கிடந்தார். பயணத்தைப் பற்றி அவர் எழுதிய 'நாரோ போட்' 1944இல் வெளிவந்தது. படித்துவிட்டு ராபர்ட் ஐக்மன் என்ற வாசகர் கடிதம் போட்டார்; 1945இல் நேரிலும் வந்தார். படகு எங்கும் போகாததால் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. அந்த நட்பில் 1946இல் பிறந்த உள்நாட்டு நீர்வழிச் சங்கம், அழிய இருந்த கால்வாய்களைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு வகித்தது. பிறகு, எல்லாக் கால்வாயையும் காப்பாற்றுவதா, முக்கியமானவற்றை முதலிலா என்று இருவரும் மோதிக்கொண்டார்கள். 1951இல் ரோல்ட் தாம் தொடங்கிய சங்கத்திலிருந்தே நீக்கப்பட்டார். படகு கட்டிக் கிடந்தபோது சேர்ந்த நட்பைச் சங்கம் வைத்து நடத்தினால் இந்தக் கதிதான் போலும்.

சாதாரண நட்புகளுக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. அவை பெரும்பாலும் கழிப்பறைப் பெட்டியைக் காலிசெய்யும் இடத்தில் வளர்கின்றன. கையில் அந்தப் பெட்டியோடு வரிசையில் நிற்பவரிடம் யாராலும் அந்தஸ்து காட்ட முடியாது. பேச்சும் அதைப் பற்றியே: எது சுலபம், எது கசியும், எந்த ஊரில் குழாய் உடைந்திருக்கிறது. முதல் சந்திப்பிலேயே இவ்வளவு பேசியவர்களுக்குப் பின்னர் மறைக்க ஒன்றும் இருப்பதில்லை.

குளிர்காலத்தில், நவம்பரிலிருந்து மார்ச் வரை, லாக்கின் கதவுகளை மாற்றக் கால்வாய்களைப் பகுதி பகுதியாக மூடுவது வழக்கம். எங்கே, எப்போது என்ற பட்டியல் முன்கூட்டியே வெளியாகிவிடும். அதை விரித்து வைத்து, எந்த இரண்டு லாக்குகளுக்கு நடுவே யாரோடு மாட்டிக்கொள்வது என்று அக்டோபரிலேயே முடிவு செய்பவர்கள் உண்டு. ஜனவரியில் ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் விசாரித்தால், என்ன செய்வது, கதவு வேலை நடக்கிறது, நம் கையில் என்ன இருக்கிறது என்று அவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.