ஒரே வீடு கட்டியவர்

நூறு வீடு கட்டியவரிடம் ஏதாவது கேட்டால், "மண்ணைப் பார்த்துத்தான் சொல்லணும்" என்று இழுப்பார். வாழ்நாளில் ஒரே வீடு கட்டியவர் இழுக்கவே மாட்டார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி பெரியப்பாவுக்கு. பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், அவர் வீட்டு மாடி ஊஞ்சலுக்கு ஓய்வே கிடையாது.

இந்த ஆண்டு சிக்கியவள் என் தங்கை. ஆர்க்கிடெக்சரா, கட்டடப் பொறியியலா என்பது அவள் குழப்பம்.

"இதுல என்னம்மா குழப்பம்? ஆர்க்கிடெக்ட் படம் போடுவான். இன்ஜினியர் அது விழாம பார்த்துப்பான். அதுக்கு அஞ்சு வருஷம், இதுக்கு நாலு வருஷம். விழப்போற பொருளுக்கு எதுக்கு ஒரு வருஷம் கூட?"

ஆர்க்கிடெக்சருக்கு நாட்டா நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதில் வரையவும் வேண்டும் என்றாள் தங்கை.

"வரைஞ்சாப் போதுமா? 1972லயே சட்டம் போட்டாச்சு. ஆர்க்கிடெக்சர் கவுன்சில்ல பதிவு பண்ணாம ஆர்க்கிடெக்ட்னு போர்டு மாட்ட முடியாது."

உண்மைதான். ஆனால் அப்படி முறையாகப் போர்டு மாட்டிய ஒருவர் கொடுத்த பிளானைப் பெரியப்பா பால்பாயின்ட் பேனாவால் திருத்தியதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஹால் நடுவே தூண் வரக்கூடாது என்றார் ஆர்க்கிடெக்ட். தூண் இல்லாவிட்டால் பீம் ஒன்றரை அடி இறங்கும் என்றார் இன்ஜினியர். பீமுக்கு அடியில் உட்கார்ந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் வாஸ்துக்காரர். பெரியப்பா மூவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஹால் நடுவே சுவரே எழுப்பிவிட்டார். இப்போது ஒரு பாதியில் சோபா இருக்கிறது. மறுபாதி, சோபாவுக்குப் போகும் வழி.

"சிட்னி ஓபரா ஹவுஸ் தெரியுமோ?" என்று உலக அரங்குக்குப் போனார். தெரியும். 1957இல் போட்டியில் ஜெயித்த யோர்ன் உட்சன் வரைந்த சிப்பி போன்ற கூரை ஓடுகளை எப்படி நிறுத்துவது என்று ஓவ் ஆருப் நிறுவனப் பொறியாளர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டியெடுத்ததுபோல் அமைத்ததும் வழி பிறந்தது. 1966இல் அரசோடு முட்டிக்கொண்டு உட்சன் வெளியேறினார். கட்டடம் 1973இல் திறந்தது. அதைப் பார்க்க அவர் திரும்பி வரவேயில்லை.

"பார்த்தியா! படம் போட்டவன் பாதியில போயிட்டான். கணக்குப் போட்டவன் கடைசிவரைக்கும் நின்னான். இன்ஜினியரிங்கே எடு."

"ஆனா பெரியப்பா, 2003ல ஆர்க்கிடெக்சருக்கான பிரிட்ஸ்கர் பரிசு படம் போட்டவருக்குத்தானே கொடுத்தாங்க?"

ஊஞ்சல் இரண்டு ஆட்டம் ஆடியது. "அப்ப ஆர்க்கிடெக்சரே எடு."

"அமெரிக்காவுல ஆர்க்கிடெக்சரல் இன்ஜினியரிங்னே ஒரு படிப்பு இருக்கு. பீம், ஏசி, வெளிச்சம், ஒலி எல்லாத்தையும் ஒண்ணாச் சொல்லித் தர்றாங்க." நம் ஊரில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் வேலைகள்.

பெரியப்பா பதறிவிட்டார். "எல்லாத்தையும் ஒருத்தனே படிச்சுட்டா சைட்ல யாரோட சண்டை போடுவான்?"

விடைபெற்று இறங்கினோம். "கடைசிப் படி, பார்த்து!" என்று மேலேயிருந்து குரல் கொடுத்தார். குடிபுகுந்த நாளிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் இப்படித்தான் விடைகொடுக்கிறார். பிளானில் அரை அடி உயரத்தில் 20 படிகள். லாபம், நஷ்டம் என்று எண்ணிப் பார்த்தவருக்கு இருபதாவது படி நஷ்டத்தில் முடிந்தது. ஒரு படியை அடித்துவிட்டார். மாடியின் உயரம் குறையவில்லை.

தங்கை "லாபம், நஷ்டம்" என்று எண்ணிக்கொண்டே இறங்கினாள். பத்தொன்பதாவது லாபத்தில் கால் ஒரு அடி ஆழத்துக்குப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து கேட்டாள்: "பெரியப்பா, இது ஆர்க்கிடெக்ட் தப்பா, இன்ஜினியர் தப்பா?"

"சேச்சே, அவங்க ரெண்டு பேருமே வேண்டாம்னுதான் சொன்னாங்க" என்றார் பெரியப்பா, பெருமை பொங்க. "இது முழுக்க நம்ம ஐடியா!"